14ஆவது வார ஊசியோடு விமானப் பயணத் தகவலும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிய முனையம், ஓடுதள நீட்டிப்பு, கூடுதல் விமானங்கள் என்று விமான நிலையச் செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. அந்த முனையத்துக்குள் நாலு மாதக் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தோள்பையும் டிராலியுமாகத் தனியாக நுழைகிற பெண்ணைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அறந்தாங்கி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று யாராவது இருப்பார்கள். கல்யாணமாகிக் கணவனோடு போன பெண் ஏழாம் மாதத்துக்குள் ஊர் திரும்பிவிடுவாள். வளைகாப்பு, தலைப்பிரசவம் எல்லாம் தாய்வீட்டில்தான். குழந்தைக்கு நாலு மாதம், ஐந்து மாதம் ஆனதும் திரும்பப் போக வேண்டும். கணவனுக்கு லீவு கிடைக்காது, வந்து கூட்டிப்போக டிக்கெட் செலவும் கட்டுப்படியாகாது. ஆகவே பெரும்பாலும் அவள் மட்டும்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள், அதுவும் நள்ளிரவை ஒட்டிய விமானத்தில்.

இந்தக் குழந்தைகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். 6ஆவது வாரம், 10ஆவது வாரம், 14ஆவது வாரம் என்று தடுப்பூசிக்கு எங்களிடம்தான் வருகிறார்கள். எடை பார்க்கிறோம், தாய்ப்பால் போதுகிறதா என்று விசாரிக்கிறோம், அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். “அடுத்த ஊசி ஒன்பதாம் மாசம்” என்று சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வரும். “நர்சம்மா, நாங்க அடுத்த மாசம் சிங்கப்பூர் போறோமே, அப்ப என்ன செய்யறது?” அந்த இடத்தில் அவள் கையில் தமிழில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தால் போதும் என்பதே என் கோரிக்கை. ஊரைவிட்டுக் கிளம்புமுன் அரசு அவளையும் குழந்தையையும் நேரில் பார்க்கும் கடைசிச் சந்தர்ப்பம் அநேகமாக அந்த 14ஆவது வார ஊசிதான். விமான நிறுவனம் மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் அனுப்பும் நீளமான விதிமுறையை எங்கள் ஊர்ப் பெண் படிப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்தத் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை, என் மகளோடும் பேரனோடும் சிங்கப்பூர் போனபோது பார்த்ததையும், பணிக்காலத்தில் தாய்மார்கள் வந்து சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பாதுகாப்புச் சோதனை. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் எந்தத் திரவமும் கொண்டுபோகக் கூடாது என்பது பலருக்கும் தெரிந்துவிட்டது. குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் மருந்துக்கும் அந்த விதியில் விலக்கு உண்டு, பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டுபோகலாம் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. என் மகள் தாய்ப்பாலைப் பிழிந்து ஒரு பாட்டிலில் வைத்திருந்தாள். பெட்டி போடும் கவுன்டரில் அவள் நிற்கும்போது பிள்ளை அழுதால் நான் புகட்டலாமே என்றுதான். அதற்குத் தேவை வரவில்லை, பாட்டில் அப்படியே பையில் இருந்தது. சோதனையில் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, இந்தியில் ஏதோ சொல்லிக் குப்பைத்தொட்டியைக் காட்டினார்கள். மகள் படித்தவள்தான், வேலைக்குப் போனவள்தான். ஆனாலும் பின்னால் வரிசை நிற்கிறது, பிள்ளை வீறிட்டு அழுகிறது, எதிரே சீருடை. அவள் கை தானாக மூடியைத் திருகத் தொடங்கிவிட்டது. நான் முன்னால் போய், “அது தாய்ப்பால். பிள்ளைக்கு உள்ளது. கொட்ட மாட்டோம், உங்க மேலதிகாரியக் கூப்பிடுங்க” என்றேன். தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி வந்தார், பாட்டிலைச் சோதித்தார், “கொண்டு போங்கம்மா” என்று கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். அந்த விமான நிலையத்தின் பெயரை நான் எழுதவில்லை, யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமும் இல்லை. நான் கூட இல்லாமல் அவள் தனியாக நின்றிருந்தால் அந்தப் பால் தொட்டிக்குப் போயிருக்கும். ‘குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் அனுமதி உண்டு’ என்று சோதனை வாசலில் தமிழில் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அதே சோதனையில் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு வெள்ளித் தண்டை, அரைஞாண்கொடி, தாயத்து எல்லாம் போட்டுத்தான் அனுப்புவார்கள். உலோகம் காட்டும் கருவி ‘பீப்’ என்று கத்தும். தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைத்து ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்வார்கள். இடுப்பில் இறுக்கமாகக் கிடக்கிற கொடியை நடுராத்திரி பதற்றத்தில் கழற்றுவது லேசான வேலை இல்லை. பாட்டிமார்கள் மனசு எனக்குத் தெரியும், நானும் பாட்டிதான். நகையை வீட்டிலேயே கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டு அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள். போய் இறங்கியதும் போட்டுக்கொள்ளலாம். வசம்பு வளையலையும் கழற்றிவிடுங்கள், வாயில் வைத்துக் கடித்துத் துண்டு உடைந்தால் தொண்டையில் அடைக்கும். கண்மையும் வேண்டாம். கடையில் விற்கும் சில கண்மைகளில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

இப்போது பெட்டி. தாய்வீட்டில் பெட்டி கட்டுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முன்னாலேயே இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், மாவடு, முறுக்கு, கருப்பட்டி, பிரசவ லேகியம் என்று சேர ஆரம்பித்துவிடும். வீட்டுத் தராசில் பெட்டியை வைத்து, எடை கூடிப்போய், எதை எடுப்பது என்று மாமியார் வீட்டுக்கும் தாய்வீட்டுக்கும் மனத்தாங்கல்கூட வந்திருக்கிறது. ஆனால் கைப்பையை யாரும் கவனிப்பதில்லை. கடைசி நேரத்தில் கையில் அகப்பட்டதைத் திணித்துக் கொடுப்பார்கள். விமானத்தில் ஏறினபின் அந்தக் கைப்பை மட்டும்தான் துணை, முப்பது கிலோப் பெட்டி அவளுக்கு அங்கே எந்த விதத்திலும் உதவாது.

நான் மகளுக்குக் கட்டிக்கொடுத்த முறை இதுதான். ஜிப் வைத்த கண்ணாடிக் கவர்கள் வாங்கினேன். ஒவ்வொரு கவரிலும் ஒரு டயப்பர், துவைத்து வைத்த பழைய வேட்டித் துணி இரண்டு, முன்பக்கம் பட்டன் வைத்த ஒரு சட்டை. பிள்ளை நனைத்துவிட்டால் பையைக் கிளறவே வேண்டாம், ஒரு கவரை உருவினால் போதும். அழுக்கானதை அதே கவரில் போட்டு மூடிவிடலாம், வாடை வராது. வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ச்சேரும்வரை மணிக்கு ஒரு டயப்பர் என்று கணக்குப் போட்டு, விமானம் தாமதமானால் என்று மேலும் இரண்டு மூன்று வைக்க வேண்டும். அதோடு அம்மாவுக்கும் ஒரு மாற்று டாப்ஸ். பிள்ளைக்கு அரை டஜன் உடுப்பு எடுத்து வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளை தோளில் கக்கினால் விடியும்வரை அந்த ஈரத்தோடும் வாடையோடும் அவள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே குளிரும், குல்லாவும் காலுறையும் வேண்டும். பை காலுக்கடியில் இருக்கட்டும். தலைக்கு மேல் வைத்துவிட்டால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எடுக்க முடியாது.

லேகியம், மசாலா விஷயத்தில் போகிற நாட்டைப் பார்க்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கசகசா கொண்டுபோகத் தடை. குருமா மசாலாவில் கசகசா அரைத்துப் போடுகிற பழக்கம் நமக்கு உண்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு பெட்டியில் வையுங்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் உரைமருந்துப் பெட்டியில் உள்ள ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் வரைக்கும் இறங்கும்போது அட்டையில் எழுதிக் காட்டியாக வேண்டும், மறைத்தால் அபராதம். என்னைக் கேட்டால் ஆறு மாதத்துக்குள் உரைமருந்தே வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை.

அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். “பிளேன்ல பிள்ளை அழுதா எல்லாரும் திட்டுவாங்க, கொஞ்சம் சளி மருந்து ஊத்து, தூங்கிரும்” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மருந்துக்கடையில் கேட்டே வாங்குகிறார்கள். கூடவே கூடாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே உத்தரவு போட்டது. அந்த எச்சரிக்கையை லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்றும் சொன்னது. தூக்கத்துக்காக மருந்து கொடுத்தால் பிள்ளையின் மூச்சு மந்தப்படலாம். இருட்டிய விமானத்தில், மடியில் சுருண்டு கிடக்கும் பிள்ளையின் மூச்சை யார் கவனிப்பது? பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். குழந்தை அழும். அதுவும் டிக்கெட் வாங்கி ஏறிய பயணிதான்.

காய்ச்சல் மருந்திலும் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண 125 சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 125 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு 25. சொட்டு மருந்து நாலு மடங்கு வீரியம். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எது வாங்கினீர்களோ அந்தப் பாட்டிலோடு வந்த உறிஞ்சுகுழலையே பயன்படுத்துங்கள், டாக்டர் எழுதிய சீட்டைப் பாட்டிலோடு ரப்பர்பேண்ட் போட்டு வையுங்கள். ஊசி போட்ட மறுநாளே விமானம் ஏறும்படி டிக்கெட் போடாதீர்கள். காய்ச்சல் வந்து அடங்கச் சில நாள் இடைவெளி விடுங்கள்.

பிள்ளை அழுவதற்குப் பெரும்பாலும் காதுவலிதான் காரணம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல் இருக்கும், ஏறக்குறைய ஊட்டி, கொடைக்கானல் அளவு. இறங்க இறங்க அழுத்தம் கூடும். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று அதற்கு ஈடுகொடுக்க, மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போகும் சின்னக் குழாய் திறக்க வேண்டும். நாம் எச்சில் விழுங்கிச் சமாளித்துவிடுகிறோம், பிள்ளைக்கு அது தெரியாது. பால் உறிஞ்சி விழுங்கினால் தானே திறக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் சிரமம் அதிகம். தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே இறக்கம் தொடங்கிவிடும். அதற்குச் சற்று முன் வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் குடிக்காது. ஆகவே கொஞ்சம் பசியோடு வைத்திருந்து, தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்கலாம். மகள் அப்படித்தான் செய்தாள். பேரன் சிணுங்கிக்கொண்டே குடித்தான், சக்கரம் தரையில் பட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை. மூக்கடைப்பு இருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பால் கொடுக்க வசதி வேண்டுமே. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அன்று நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. விமான நிலையங்களில் அறை இருந்தாலும் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சோதனை முடிந்து உள்ளே போனபின் காத்திருக்கும் நேரம்தான் நீளம், விமானம் தாமதமானால் இன்னும் நீளம். நாங்கள் ஏறிய இடத்தில், உள்ளே பால் கொடுக்க எங்கே போவது என்று கேட்டதற்குக் கழிவறையைக் காட்டினார்கள். கழிவறையில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிடுவீர்களா? மகள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார, நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது, தனி நாற்காலி, துணி மாற்ற மேசை, வெந்நீர்க் குழாய் எல்லாம் கொண்ட அறையைப் பார்த்தோம். புட்டிப்பால் கொடுப்பவர்களுக்கு அந்த வெந்நீர் எவ்வளவு பெரிய உதவி. பால்பவுடரை 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சென்னை, திருச்சி, கோவை, மதுரை நான்கிலிருந்தும் வெளிநாட்டுக்கு விமானம் போகிறது. நான்கிலும் ஏறும் வாசல்களுக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகையோடு, பூட்டாத ஓர் அறை இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

தொட்டில் வசதி பற்றியும் பலருக்குத் தெரியவில்லை. தூரப் பயணம் போகும் பெரிய விமானங்களில் முன்சுவரை ஒட்டிய இருக்கைக்கு எதிரே தொட்டில் மாட்டித் தருவார்கள். எண்ணிக்கை சொற்பம், பிள்ளையின் எடைக்கு வரம்பும் உண்டு. டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்க வேண்டும். குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் தொட்டில் கிடையாது, சிங்கப்பூர் போகும் நாலு மணி நேரமும் மடிதான். 2 வயது நிறையாத பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை என்றாலும், டிக்கெட்டில் பிள்ளையின் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும். தாயின் பெல்ட்டோடு கோக்கிற ஒரு குட்டி பெல்ட் தருவார்கள், தராவிட்டால் கேளுங்கள்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுகிறோம், ஆனால் பெயர்? குலதெய்வக் கோயிலில் மொட்டை போடும்போது வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பதிவேட்டில் பெயர் சேர்க்க ஓராண்டுவரை கட்டணம் இல்லை என்பதால் அவசரமும் தெரிவதில்லை. வெளிநாடு போகிற பிள்ளைக்கு இது ஒத்துவராது. பெயர் முதலில் சான்றிதழில் ஏறட்டும், சடங்கு பிறகு நடக்கட்டும். தாய் தகப்பன் பெயர்கள் அவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் இருக்கிறதா என்று அன்றைக்கே சரிபாருங்கள். தகப்பன் வெளிநாட்டில் இருந்தால் ஒப்புதல் படிவத்துக்கே நாள் ஓடிவிடும். 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பிள்ளையை வெள்ளை வேட்டியில் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் நன்றாக வரும்.

சிங்கப்பூரில் நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டில் பிறந்த 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தடுப்பூசி விவரத்தை அங்கே சரிபார்க்கிறார்கள். எங்கள் அட்டையிலோ தேதி அவசரத்தில் கிறுக்கியிருக்கும், முத்திரை இருக்காது, எண்ணெய்க் கறை படிந்திருக்கும். செவிலியர் தங்கைகளுக்கு இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன். வெளிநாடு போகிற பிள்ளை என்று தெரிந்தால், ஊசியின் பெயரையும் தேதியையும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, மருத்துவ அலுவலரின் முத்திரையோடு கொடுத்துவிடுங்கள். ஒன்பதாம் மாத ஊசியை அங்கே எங்கே போடுவது என்று கணவரை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை கைக்குழந்தைக்கும் உண்டு. அது இலவசம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். கூட்டிப்போக யாராவது சொந்தக் காரில் வருவதாக இருந்தால் குழந்தை இருக்கை இல்லாமல் ஏற்றக் கூடாது, 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கே அதுதான் சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு.

இத்தனையும் ஒரே தாளின் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். பொது சுகாதாரத் துறை அச்சடித்து, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர் போன்ற மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலில் கொடுத்துப் பார்க்கட்டும். 6ஆவது வாரத்தில் காகித விவரம், 14ஆவது வாரத்தில் பயண விவரம் என்று இரண்டு தவணையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. விமான நிலைய ஆணையம் அறையையும் பலகையையும் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தின் நகலை மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தாளை எளிய தமிழில் எழுதித் தரச் சொன்னால் சம்பளம் வாங்காமல் வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.